எல்லா விளக்கும் என் பெயரில்

ஆ-ஷியாங்குக்கு இன்னும் கல்யாணம் ஆகாமல் இருப்பதற்காக கடல் தெய்வம் மாஸு தாயிடம் நான் நன்றி சொல்லியிருக்கிறேன். அவன் காதில் விழுந்தால் ஒரு வாரம் என்னோடு பேச மாட்டான். ஆனால் அவனுக்கு ஒரு மனைவியோ, ஒரு தம்பியோ, குறைந்தபட்சம் ஒரு பூனையோ இருந்திருந்தால், என் வீட்டில் நடந்த ஒரு காரியம் எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும். அதனால் நன்றி சொன்னது சொன்னதுதான்.

தைவானில், தைனான் ஊரில் வலைப்பக்கம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. முதலாளி ஸாய், ஆ-ஷியாங், நான், மூன்றே பேர். முதலாளி வாயால் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டு வந்துவிடுவார். ஆ-ஷியாங் தன்னால் முடிந்ததை நிரலாக எழுதுவான். இரண்டுக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை மூடுவது என் வேலை. பக்கத்தில் வரும் வார்த்தைகளை எழுதுவதும், வாடிக்கையாளர் கத்தினால் காதைக் கொடுப்பதும் நான்தான்.

போன குளிர்காலத்தில் கால்வாய்க்கரை மாஸு கோயிலிலிருந்து ஒரு வேலை வந்தது. புது வருஷத்துக்கு முன்னால் வரும் வருஷம் நல்லபடியாகப் போக வேண்டும் என்று எல்லோரும் வரிசையில் நின்று பெயருக்கு விளக்கு எழுதிவைப்பார்கள். கோயில் சுவரில் ஆயிரக்கணக்கில் சின்ன விளக்குகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர்ச்சீட்டு. வருஷம் முழுக்க அணையாது. முந்தின வருஷம் வயதானவர்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்த கமிட்டிக்காரர்கள், இனி வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வீட்டுப் பெரியவர் பக்கத்தைத் திறந்து குடும்பத்தார் பெயரையும் பிறந்த வருஷத்தையும் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க, பெயருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் முளைக்கும். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. மூன்று பேர் இருந்தால் மூன்று பொத்தான், பதினோரு பேர் இருந்தால் பதினொன்று. உன்னை அமுக்கினால் இன்னாருக்கு விளக்கு என்று முளைக்கிற ஒவ்வொரு பொத்தானுக்கும் சொல்லிவைக்க வேண்டும். அமுக்கியதும் ஒரு மணிச்சத்தம் கேட்கும். பெரிய எழுத்தில் "ஏற்றியாச்சு" என்று வரும். அந்த வார்த்தை நான் எழுதியது. கோயில் அலுவலகத்தில் பெயர்ச்சீட்டு தானாக அச்சாகி விழும், தொண்டர்கள் அதை எடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள்.

பொத்தான்களுக்குச் சொல்லிவைக்கிற அந்த வேலையை ஆ-ஷியாங் செய்தான். பழைய வேலை ஒன்றிலிருந்து நாலு வரியை வெட்டி இதில் ஒட்டினான். சோதித்தும் பார்த்தான். தன் பெயரை அடித்தான், பொத்தான் முளைத்தது, அமுக்கினான், மணி அடித்தது, கோயிலில் அவன் பெயரில் விளக்கு எரிந்தது. முதலாளி சந்தோஷத்தில் எல்லோருக்கும் முத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இனி என் வீட்டைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமா, அதாவது என் கணவரின் அப்பா. நாத்தனார் ஷியூ-லுவான், கணவருக்கு மூத்தவர், சந்தைப் பக்கம் பால் கெண்டை மீன் கஞ்சிக் கடை நடத்துகிறவர். என் கணவர் குவோ-தோங், ஏசி மெக்கானிக். அவருடைய முதல் கல்யாணத்தில் பிறந்த யூ-ஷான், பதினைந்து வயது. அப்புறம் நான். யூ-ஷானின் அம்மா அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே பிரிந்து போய்விட்டாள். அதன்பிறகு பிள்ளையைத் தூக்கி வளர்த்தது நாத்தனார்தான். நான் வந்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்கும் அது இரண்டாம் கல்யாணம்.

யூ-ஷான் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள், கூப்பிட்டால். பெரும்பாலும் கூப்பிட மாட்டாள். முறைத்தாள், எதிர்த்துப் பேசினாள் என்றெல்லாம் சொல்ல முடியாது. ரொம்ப மரியாதையான பெண். ஓட்டலில் பக்கத்து மேஜைக்காரரிடம் இருக்கிற மரியாதை. காலையில் சர்க்கரை போடாத சோயாப் பாலைச் சுடவைத்து அவள் புத்தகப் பையின் பக்கத்தில் வைப்பேன். முதல் வருஷம் அது அப்படியே இருக்கும். அப்புறம் பாதி குறைய ஆரம்பித்தது. கடந்த ஆறேழு மாதமாகக் கோப்பை காலியாக இருந்தது. எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். எனக்கு அது போதும். அந்தக் கோப்பை காலியாக இருக்கும்வரை அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டு என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பக்கம் திறந்த வாரமே மாமா உட்கார்ந்து ஒற்றை விரலால் எல்லோர் பெயரையும் அடித்துவிட்டார். வீட்டுக்கு யார் யார் எந்த வரிசையில் வந்தார்களோ அந்த வரிசை. முதலில் அவர், பிறகு மகள், மகன், பேத்தி, கடைசியில் நான். என்னையும் சேர்த்தாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் விளக்கு ஏற்றினார்கள். நான் சமையலறையில் கடையின் கஞ்சி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் குரல் கேட்டது.

"அவங்கவங்க விளக்க அவங்கவங்க கையாலதான் ஏத்தணும். ஒருத்தனோடத இன்னொருத்தன் அமுக்கினா தாய்க்குக் குழப்பமாயிடும்."

"யூ-ஷான், நீ நல்லா கும்பிட்டுட்டு அமுக்கு. மே மாசம் பரீட்ச. உன் பேருல விளக்கு எரியாம நான் உன்ன பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன்." இது நாத்தனார்.

மாமாவின் போன் கைமாறிக் கைமாறிப் போனது. மணிச்சத்தம் கேட்டது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. என்னைக் கூப்பிடுவார்கள் என்று குழாயைக் கொஞ்சம் அடக்கி வைத்துக் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. அப்புறம் கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"உன்னோடத நீ ஆபீஸ்லயே பண்ணிக்குவேல்ல?"

"பண்ணிக்கிறேன்" என்றேன். பண்ணவில்லை. எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். கூப்பிடாத வீட்டில் என் விளக்கை நானே ஏற்றிக்கொள்வதாவது என்று அண்டாவை இன்னும் பலமாகத் தேய்த்தேன்.

பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியன்று நாத்தனார் கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனார். மாதம் இரண்டு தடவை தவறாமல் போகிறவர். திரும்பி வந்தவர், எல்லோரும் சாப்பிட உட்காரும்வரை காத்திருந்தார்.

"யா-வென்" என்று என்னைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கக்கா."

"விளக்குச் சுவரப் பாத்துட்டு வந்தேன். அப்பா பேரு இல்ல. என் பேரு இல்ல. தம்பி பேரு இல்ல. பரீட்ச எழுதப்போற புள்ள பேரும் இல்ல. உன் பேரு இருக்கு. ஒண்ணு இல்ல, அஞ்சு. வரிசையா, பல்லு கட்டின மாதிரி."

"அஞ்சா?"

"ஏன், ஆறு எதிர்பாத்தியா?"

கணவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அக்கா, மிஷின்ல ஏதாவது தப்பா இருக்கும்."

"மிஷினுக்கு இந்த வீட்டுல இவ பேரு மட்டும்தான் தெரியுமாடா? அந்தப் பக்கத்தப் பண்ணது யாரு? இவ கம்பெனிதானே?" என் பக்கம் திரும்பினார். "நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். இங்க நாலு பேரு அமுக்கினோம். அங்க அஞ்சு எரியுது. அந்த அஞ்சாவத அமுக்கினது யாரு? நீதான். அமுக்கும்போதே மத்த நாலையும் உன் பக்கம் இழுத்துக்கிட்ட. எனக்கு வேணாம், அப்பாவுக்கும் வேணாம். அந்தப் புள்ளையோடத எதுக்கு எடுத்த?"

"நான் அமுக்கவே இல்லக்கா."

உண்மை அதுதான். ஆனால் வாயிலிருந்து வெளியே வந்தபோது எனக்கே அது பொய் மாதிரி ஒலித்தது.

யூ-ஷானைப் பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. சத்தமே இல்லாமல் சாத்தினாள்.

மறுநாள் காலையில் சோயாப் பால் ஆறி, ஆடை கட்டி, வைத்த இடத்திலேயே இருந்தது. அதைத் தொட்டியில் கொட்டும்போது எனக்கு வந்த அழுகையை நான் யாருக்கும் காட்டவில்லை. நாத்தனார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன், அவர் சுபாவம் அது. இந்தப் பெண் என்னைத் திருடி என்று நினைத்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பது?

அலுவலகத்துக்குள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. கோயில் அலுவலகத்து ஆ-ச்சின் அக்கா.

"ஏம்மா, உங்க பக்கத்துக்குப் பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிருக்கா?"

"என்னக்கா ஆச்சு?"

"பல் டாக்டர் வீட்டு நாய்க்கு ஏழு விளக்கும்மா! டாக்டருக்கு ஒண்ணு இல்ல, டாக்டர் பொண்டாட்டிக்கு ஒண்ணு இல்ல. நாய்க்கு ஏழு! பெரிய தெருவுல ஒரு வீட்டுல பொறந்து ஒரு மாசம்கூட ஆகாத கொழந்தைக்கு ஆறு. மாஸு தாயே தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. டாக்டரு இங்க வந்து, நான் செத்தா நாய்தான் பரலோகத்துல எனக்கு சிபாரிசு பண்ணணுமான்னு கேக்குறாரு."

நான் நின்ற இடத்திலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நாயை நான் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும், நீ நல்லா இருக்கணும்டா ராசா என்று மனதார வாழ்த்தினேன். ஏழு விளக்கு அதற்குத் தகும்.

"அக்கா, அந்த நாயோட பேர டாக்டர் எப்ப அடிச்சாரு? மொதல்லயா, கடைசிலயா?"

"நாயப் போய் யாரும்மா மொதல்ல எழுதுவா? எல்லாருக்கும் கடைசிலதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், முதலாளியும் ஆ-ஷியாங்கும் சர்வர் பெட்டியின் மேல் வைத்திருக்கும் பச்சைப் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் சமர்த்தாக இருக்கட்டும் என்று வைக்கிற நொறுக்குத்தீனிப் பொட்டலம். இங்கே அது இல்லாத அலுவலகம் கிடையாது. தேதி தாண்டினால் மிஷின் மக்கர் பண்ணும் என்பது முதலாளியின் திடமான நம்பிக்கை.

"தேதி இன்னும் இருக்கே" என்றார் முதலாளி கவலையாக.

"பொட்டலத்த விடுங்க. டேய் ஆ-ஷியாங், யாரோட பொத்தான அமுக்கினாலும் அந்த வீட்டுல கடைசி ஆளுக்குப் போகுதுடா."

அவன் முகம் வெளுப்பதைக் கண்ணால் பார்த்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ஓடிப்போய்த் திரையைத் திறந்தான். அந்த நாலு வரியைப் பார்த்தான். மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியா பேரச் சொல்லி விட்டிருக்கணும்க்கா. நான் எல்லாத்துக்கும் ஒரே எடத்தக் காட்டி, அங்க என்ன பேரு இருக்கோ அதான் உன் பேருன்னு சொல்லி விட்டிருக்கேன். பொத்தான் மொளைக்க மொளைக்க அந்த எடத்துல பேரு மாறிக்கிட்டே போகும். கடைசிப் பேரு வந்ததும் அப்படியே நின்னுடும். ஆளுங்க வந்து அமுக்குறது அதுக்கப்புறம்தானே."

"இத எப்படிடா பாக்காம விட்ட? சோதிச்சேன்னு சொன்னியே?"

"சோதிச்சேன்க்கா. சத்தியமா. எங்க வீட்டுப் பேர போட்டுத்தான் சோதிச்சேன்."

"அப்புறம் என்ன?"

"எங்க வீட்டுல நான் ஒருத்தன்தானேக்கா. மொத ஆளும் நான்தான், கடைசி ஆளும் நான்தான்."

அவனைக் கிழித்துத் தொங்கவிட நான் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அத்தனையையும் விழுங்கிவிட்டேன். முதலாளி மட்டும் பொட்டலத்தை அதன் இடத்தில் நேராக வைத்தார்.

மத்தியானத்துக்குள் அவன் சரிசெய்துவிட்டான். பொத்தானுக்குப் பொத்தான் ஆள் நிறுத்துவதையே விட்டுவிட்டான். மொத்தப் பக்கத்துக்கும் வாசலில் ஒரே ஒரு காவலாளி மாதிரி வைத்தான். யார் எதை அமுக்கினாலும் சத்தம் அங்கே வந்துசேரும், அமுக்கப்பட்டது யாருடைய பொத்தான் என்று காவலாளி அந்த நேரத்தில் பார்த்துப் பெயரைச் சொல்லுவான். பிறகு ஒரு வீட்டில் பேர் சேர்ந்தாலும் குறைந்தாலும் கவலை இல்லை. "ஏற்றியாச்சு" என்பதற்கு முன்னால் பெயரும் வரும்படி நான் மாற்றினேன். அது முதலிலேயே வந்திருந்தால் இந்த வம்பே இல்லை. ஆனால் இல்லாததற்கும் இன்றைக்கு நான் நன்றிதான் சொல்கிறேன்.

மூன்று பேரும் ஆரஞ்சும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். ஆ-ஷியாங் தாயின் முன்னால் மண்டியிட்டுத் தன் பெயர், முகவரி எல்லாம் சொல்லி, செய்த தப்பையும் சொல்லி, மன்னிப்பாயா என்று கேட்டு, தாயின் பதில் தெரிய இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போட்டான். இரண்டும் மல்லாந்து விழுந்தன.

"தாய் சிரிக்கிறா, இன்னும் பதில் சொல்லல" என்றார் பின்னால் நின்ற ஆ-ச்சின் அக்கா.

மறுபடி போட்டான். மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவை ஒன்று கவிழ்ந்தும் ஒன்று மல்லாந்தும் விழுந்தது. சம்மதம். அவன் தரையில் தலை வைத்தவன் எழுந்திருக்கவே இல்லை. முதலாளி போய்த் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

கமிட்டி சொல்லிவிட்டது: சுவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு எல்லா வீட்டுக்காரர்களும் மறுபடி அமுக்க வேண்டும். பழைய சீட்டுகளை அவரவர் வாங்கிக்கொண்டு போய் ஒருநாள், தெய்வத்துக்கு எரிக்கிற காகிதக் காசோடு சேர்த்துக் கோயில் உலையில் போட வேண்டும். ஆ-ச்சின் அக்கா என்னுடையதை எண்ணிக் கொடுத்தார்.

"இந்தாம்மா, உன் சொத்து."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மாமா யூ-ஷானை அதட்டிக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். அவள் தலை நிமிரவில்லை. நான் ஐந்து சீட்டையும் மேஜையில் வைத்தேன்.

"அக்கா, உங்க கடையில ஒரு புது ஆள் வேலைக்குச் சேந்திருக்கான்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு மேஜையா போறான். என்ன வேணும்னு கேக்குறான். ஒரே துண்டுச்சீட்டுல மொதல்ல எழுதினத அடிச்சு அடிச்சு அடுத்தத எழுதுறான். கடைசி மேஜைக்காரர் மீன்தலை கேக்குறாரு. அதையும் எழுதிட்டு அடுப்புகிட்ட வர்றான். மொத மேஜைக்கு என்னடான்னு நீங்க கேட்டா?"

"சீட்டப் பாத்து மீன்தலைம்பான்."

"ரெண்டாவது மேஜைக்கு?"

"மீன்தலை." நாத்தனாரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்கும்போது அவருக்கு அப்படி ஆகும். "இப்படி ஒருத்தன் நெசமாவே இருந்தான். ரெண்டே நாள்ல தொரத்திட்டேன்."

"அதுதான் நடந்திருக்கு. எந்தப் பொத்தான அமுக்கினாலும் மீன்தலைதான். நம்ம வீட்டு மீன்தலை நான். டாக்டர் வீட்டுல நாயி."

மாமா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கணவர் என்னைப் பார்த்த பார்வையில் நிம்மதி இருந்தது. நாத்தனார் மட்டும் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர், கணக்கில் விடுவாரா?

"சரி. நாலு புரியுது. நாங்க நாலு பேரு அமுக்கினது உன் பேருக்கு வந்துடுச்சு. அஞ்சாவது?"

"தெரியலக்கா."

"நீ அமுக்கல."

"நான் அமுக்கல."

"அப்ப அந்தத் தாயே எறங்கி வந்து அமுக்கினாளா?"

நாலுக்குக் காரணம் சொல்லிவிட்டேன். ஐந்தாவது சீட்டு எல்லோர் முன்னாலும் கிடந்தது. என்னைத் திருடியாகவே வைத்திருக்க அந்த ஒன்று போதும்.

"அப்படின்னா…" என்றாள் யூ-ஷான். எல்லோரும் திரும்பினோம். அவள் என்னைத்தான் பார்த்தாள். "எத அமுக்கினாலும் கடைசி ஆளுக்குத்தான் போகுமா? மாத்தி அமுக்கினதால இல்லையா?"

"எத அமுக்கினாலும்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. ஏம்மா?"

அவள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். கன்னம் சிவந்துவிட்டது.

"அஞ்சாவது நான்தான் அமுக்கினேன். போன் என்கிட்ட வந்தப்ப மொதல்ல சித்தியோடத அமுக்கிட்டு, அப்புறம் என்னோடத அமுக்கினேன். தாத்தா அவங்கவங்க கையாலதான் ஏத்தணும்னு சொன்னாருல்ல? நான் மாத்தி அமுக்கினதாலதான் தாய்க்குக் குழப்பமாகி எல்லாரோடதும் சித்தி பேருக்குப் போயிடுச்சுன்னு நெனச்சேன். அத்தை கத்தினப்ப பயந்துட்டேன். என்னால சித்திக்குத் திட்டு விழுதுன்னு தெரியும். சொல்ல வாய் வரல."

"அவளோடத நீ எதுக்குடி அமுக்கின?" என்றார் நாத்தனார். குரலில் கோபம் இல்லை, திகைப்புதான்.

"கோயில் பலகைல எழுதிப் போட்டிருந்தாங்க. வரப்போறது குதிர வருஷம், எலி வருஷத்துல பொறந்தவங்களுக்கு ஆகாது, கட்டாயம் விளக்கு ஏத்தணும்னு. தாத்தா அடிக்கும்போது பிறந்த வருஷம் பாத்தேன். நம்ம வீட்டுல எலி வருஷம் சித்தி மட்டும்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க யாருமே சித்தியக் கூப்பிடல."

கணவர் காதுவரை சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கண்ணீர் பொங்கி வந்துவிட்டது. மூன்று வருஷமாகப் பக்கத்து மேஜைக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்தப் பெண் பலகையில் போட்டதைப் படித்து, என் பிறந்த வருஷத்தைத் தேடிப் பார்த்து, தன்னுடையதற்கு முன்னால் என்னுடையதை அமுக்கியிருக்கிறாள். பரீட்சை அவளுக்கு. முதல் விளக்கு எனக்கு.

நாத்தனார் மன்னிப்பு என்கிற வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னவர் அல்ல. பானையில் இருந்த பால் கெண்டையில் வயிற்றுத் துண்டைத் தேடி எடுத்தார். கடையில் அதை மாமாவுக்கும் யூ-ஷானுக்கும் மட்டும்தான் ஒதுக்கி வைப்பார். அதை என் கிண்ணத்தில் போட்டார்.

"சாப்பிடு. ஆறிப் போகுது."

சாப்பிட்டேன். கண்ணீரும் கஞ்சியுமாகத்தான் உள்ளே போனது. அதுபோல ருசியான மீனை நான் சாப்பிட்டதில்லை.

"அந்த மீன்தலைப் பையன் பேரு என்ன சொன்ன?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"ஆ-ஷியாங்."

"வருஷக் கடைசி ராத்திரி விருந்துக்கு இங்க வரச்சொல்லு. ஒத்த ஆளா சோதிச்சுச் சோதிச்சு இன்னும் எத்தன வீட்டுல அடிதடி மூட்டுவான்? இங்க வந்து அஞ்சு பேர வெச்சு சோதிக்கட்டும்."

மாமா போனை எடுத்தார். இந்தத் தடவை கடைசியிலிருந்து ஆரம்பிப்போம் என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கி யூ-ஷானிடம் கொடுத்தேன்.

"நீயே அமுக்கு."

"அவங்கவங்க கையாலன்னு…" என்று தாத்தாவைப் பார்த்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் தாய்க்குக் குழப்பம் வராது. அமுக்கு."

அமுக்கினாள். மணி அடித்தது. என் பெயர் வந்தது, ஏற்றியாச்சு என்று வந்தது. பிறகு அவள் தன்னுடையதை அமுக்கினாள், அவள் பெயர் வந்தது. மேஜையைச் சுற்றிப் போன் போய்வந்தது, அவரவர் பெயர் அவரவருக்கு வந்தது. வேலை சுத்தம் என்று ஆ-ஷியாங்குக்குச் செய்தி அனுப்பினேன். விருந்துச் சேதியையும் சேர்த்து எழுதினேன். அப்புறம் "என்ன வாங்கிட்டு வரட்டும்க்கா" என்று வந்தது.

மறுநாள் காலை கோப்பை காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தாள்.

உலையில் போட வேண்டிய சீட்டுகளை ஒரு பௌர்ணமிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஆ-ச்சின் அக்கா காகிதக் காசுக் கட்டைப் பிரித்துக் கொடுத்தார். உலைக்கு முன்னால் நின்று ஐந்தையும் விரித்துப் பார்த்தேன். நாலு தப்பாக வந்தவை, அவை எரிய வேண்டியதுதான். ஒன்று அவள் வேண்டுமென்றே எனக்காக ஏற்றியது. அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் ஐந்திலும் ஒரே பெயர், ஒரே வருஷம், ஒரே அச்சு. எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

காகிதக் காசை மட்டும் எரித்துவிட்டு வந்தேன். ஐந்து சீட்டும் என்னிடம் இருக்கிறது.